ஒன்று முதல் ஒன்பது வரை

எங்கள் வீட்டில் அதற்கு ‘ஷேவிங் செட்’ என்றுதான் பெயர். மேல்மூடி, சீப்புப் பற்கள் போல விளிம்பு வெட்டப்பட்ட தட்டு, கைப்பிடி என மூன்று துண்டுகள். அப்பா ஞாயிறு காலைகளில் அவற்றைக் கழற்றி அலம்பி ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் காயவைப்பார். பிளேடைப் பொருத்திக் கைப்பிடியை இறுக முறுக்கியபின், கால் சுற்று பின்னோக்கித் திருப்புவார். ஏன் என்று கேட்டால், “அப்பத்தான் ஒட்ட வரும்” என்பார். அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நாங்கள் சகோதரர் இருவரும் நெடுங்காலம் நம்பியிருந்தோம். பழைய சவரக்கருவிகளைத் தேடிச் சேர்க்கும் பித்து எங்களைப் பற்றிக்கொண்ட பிறகுதான், அந்தக் கால் சுற்றுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு என்பது தெரியவந்தது.

கத்தி முனைக்கும் தோலுக்கும் இடையே ஒரு காப்பை வைக்கும் எண்ணம் பழையது. 18-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரக் கத்தித் தொழிலாளர் ழான் ழாக் பெரே, சவரக்கத்தியில் மரக்காப்பைப் பொருத்திப் பார்த்தார். 1880-இல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, ‘ஸ்டார்’ என்ற பெயரில் பாதுகாப்பான சவரக்கருவி ஒன்றை விற்றார்கள். ஆனால் அவற்றிலெல்லாம் கத்தி கெட்டியானது. தோல்வாரில் தீட்டித் தீட்டித்தான் பயன்படுத்தவேண்டும். தீட்டவே வேண்டாத, மழுங்கினால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய தகடு என்ற எண்ணம் 1895-இல் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்குத் தோன்றியது. அப்போது அவர் புட்டி மூடிகள் விற்கும் பயண விற்பனையாளர். அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர், ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறியும் பொருளாக எதையாவது உருவாக்கும்படி அவருக்கு யோசனை கூறியிருந்தார்.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே ஒரு சுவாரசியம் உண்டு. இதற்கு ஓராண்டு முன்பு, 1894-இல், இதே ஜில்லெட் ‘தி ஹியூமன் டிரிஃப்ட்’ என்றொரு நூலை வெளியிட்டிருந்தார். போட்டியே சமூகத் தீமைகளின் வேர்; எல்லாத் தொழில்களும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனமாக ஒன்றிணையவேண்டும்; நயாகரா அருவியின் மின்விசையில் இயங்கும் ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஒரே மாநகரில் கோடிக்கணக்கானோர் வாழவேண்டும் என்பது அந்நூலின் கனவு. கனவு ஏட்டோடு நின்றது. எழுதியவர் பெயரோ உலகச் சந்தையின் மூலைமுடுக்கெல்லாம் தகட்டு உறைகளில் அச்சாயிற்று. அவரை நையாண்டி செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. பணம் குவிந்த பின்னும் அவர் அந்தக் கனவைக் கைவிடாமல், 1910-இல் ‘உலக நிறுவனம்’ என்ற திட்டத்தை மறுபடி முன்வைத்தார்.

மெல்லிய எஃகுத் தகட்டைக் கோணாமல் பதப்படுத்திக் கூர்மையாக்குவது எளிதாக இருக்கவில்லை. அதைச் சாதித்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். (ஆங்கிலத்தில் ‘நிக்’ என்றால் சிறு வெட்டுக்காயம். அந்தப் பெயரைச் சவரக்கருவிக்குச் சூட்ட எவரும் துணியவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.) 1901-இல் நிறுவனம் தொடங்கியது. 1903-இல் விற்றவை 51 கருவிகளும் 168 தகடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டில் கருவிகளின் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. காப்புரிமையும் 1904 நவம்பரில் கிடைத்தது.

கருவியை அடிவிலைக்குக் கொடுத்துவிட்டுத் தகட்டில் லாபம் பார்க்கும் உத்தி ஜில்லெட்டிடமிருந்து பிறந்ததாக வணிகப் பாடநூல்கள் சொல்லும். நாங்களும் அதை நம்பியிருந்தோம். சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010-இல் எழுதிய கட்டுரை அந்தக் கதையைக் கலைத்துவிட்டது. காப்புரிமை இருந்த காலம் முழுவதும் கருவியின் விலை 5 டாலர். அன்றைய தொழிலாளிக்கு அது சிறிய தொகையே அன்று. 1921-இல் காப்புரிமை காலாவதியான பிறகே பழைய மாதிரியின் விலை மளமளவென்று இறங்கியது.

அப்பாவின் கால் சுற்றுக்கு வருவோம். ஜில்லெட் வடிவமைப்பின் நுட்பமே தகட்டின் வளைவுதான். கைப்பிடியை முறுக்கும்போது மூடிக்கும் தட்டுக்கும் நடுவே தகடு வில்லாக வளைந்து, அதன் விளிம்பு காப்பை நெருங்குகிறது. சற்றே தளர்த்தினால் தகடு நிமிர்ந்து, விளிம்பு காப்பைவிட்டு விலகுகிறது. சவரம் ஒட்ட விழுகிறது. தொடக்ககாலத்தில் நிறுவனமே இந்த வழியைச் சொல்லித்தந்தது. ஆக, எண்களோ வளையமோ இல்லாமலேயே அந்த மூன்று துண்டுக் கருவி அளவு மாற்றக்கூடியதாக இருந்தது. என்ன, தளர்ந்த தகடு சற்று ஆடும், கை பழகியிருக்கவேண்டும்.

1934-இல் கைப்பிடியின் அடியைத் திருகினால் தலைப்பகுதி இரு கதவுகளாகத் திறக்கும் ஒரே துண்டுக் கருவி வந்தது. வசதிதான், ஆனால் அதில் கால் சுற்றுத் தந்திரத்துக்கு இடமில்லை. முகத்துக்கு முகம் மாறும் தேவைக்கு என்ன செய்வது? 1955-இல் மூன்று தனிக்கருவிகளை விற்றார்கள். அடிமுனை நீலமாக இருந்தால் மென்மையான தாடிக்கு, சிவப்பாக இருந்தால் முரட்டுத் தாடிக்கு, வண்ணமற்றது இடைப்பட்டவர்களுக்கு. ஒரே முகத்தில் கன்னமும் கழுத்தும் இரண்டு தேசங்கள் என்பதை அறிந்த எவருக்கும் இது அரைகுறைத் தீர்வாகத்தான் தோன்றும்.

முழுத்தீர்வு 1958-இன் இறுதியில் வந்தது. விலை 1 டாலர் 95 சென்ட். அதனால் பெயரே ‘195’. பருத்த கைப்பிடியைக் கண்டு பின்னாளைய சேகரிப்பாளர்கள் வைத்த செல்லப்பெயர் ‘ஃபேட்பாய்’, அதாவது குண்டுப்பையன். பித்தளை உடலில் நிக்கல் பூச்சு. கழுத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் பொறித்த வளையம். எண் கூடக்கூடத் தகட்டுக்கும் காப்புக்கும் இடையிலான இடைவெளி கூடும். 1961 வரை இது உற்பத்தியானது; அதன்பின் மெலிந்த கைப்பிடியுடன் ‘ஸ்லிம்’, 1960-களின் இறுதியில் ‘சூப்பர் அட்ஜஸ்டபிள்’. ஜெர்மனியின் ஜோலிங்கனில் பிறந்த மெர்க்கூர் ‘புரோகிரஸ்’ வேறு வழியில் சென்றது: அடித்திருகு ஒன்றே இறுக்கவும் அளவு மாற்றவும் போதும்.

சேகரிப்பவருக்கு இந்த ஜில்லெட் கருவிகளில் ஒரு தனி இன்பம் உண்டு. ஒவ்வொன்றும் தன் பிறந்த காலத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. தலைப்பகுதியின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் குறிக்கும். டி என்றால் 1958, இ என்றால் 1959. எங்களுடையது எஃப் 2: 1960-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டு. கையில் வந்தபோது கதவுகளின் கீல்களில் எவருடையதோ அரை நூற்றாண்டுச் சோப்புப் படிவு கல்லாக இறுகியிருந்தது. வெந்நீர், பாத்திரம் தேய்க்கும் திரவம், பழைய பல் தூரிகை. மூன்று மாலைகள் அதிலேயே போயின. நிக்கலைச் சுரண்டும் எந்தப் பொடியும் கூடாது. பூச்சு போனால் போனதுதான். எண் வளையத்தைத் திருப்புமுன் அடித்திருகைச் சற்றுத் தளர்த்தவேண்டும் என்பதையும் மெதுவாகவே கற்றோம். முதல் நாள் ஆசையில் நேராக ஒன்பதில் வைத்து மழித்து, காதுக்குக் கீழே படிகாரக் கட்டியை அழுத்திப் பிடித்தபடி அலுவலகம் சென்றதைத் தம்பி இன்றும் மறக்கவிடுவதில்லை.

இவ்வளவு நுட்பமான பொருள் ஏன் மறைந்தது? இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்ட் 1960-களின் தொடக்கத்தில் துருவேறாத எஃகுத் தகட்டைக் கொண்டுவந்து ஜில்லெட்டைத் திணறடித்தது. பல நாள் நீடிக்கும் தகட்டை எந்த நிறுவனமும் செய்யலாம் என்றானபின், தகட்டின் வடிவத்தையே காப்புரிமைக்குள் கொண்டுவருவதுதான் ஆதாயம். 1971-இல் இரட்டை முனைப் பொதியுடன் ‘டிராக் 2’ வந்தது. 1975-இல் பிக் நிறுவனம் கருவியையே எறியச் சொன்னது. அளவு மாற்றும் வளையத்தின் வேலையை வடிவமைப்பாளரே முன்கூட்டி முடித்து, பிளாஸ்டிக்கில் உறையவைத்துவிட்டார். இழப்பு பெரிதென்று உலகுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் 2013 வரை தோன்றியதில்லை.

அந்த ஆண்டில் அப்பாவின் கைகள் நடுங்கத் தொடங்கின. தம் ஷேவிங் செட்டைப் பிறர் தொட அனுமதியாதவர், ஒரு காலை அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் அமர்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கிப்போயிருந்தது. புதுரகப் பொதிக் கருவி முள்ளாக வளர்ந்த நரைமயிரில் சிக்கி இழுத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய பழைய கருவியைப் பிறர் முகத்தில் கால் சுற்றுத் தளர்த்தி ஓட்ட எங்களுக்குத் துணிவில்லை. அலமாரியிலிருந்து எஃப் 2 இறங்கியது. கன்னத்துக்கு நான்கு, கழுத்துக்கு இரண்டு, உதட்டின் மேல் ஒன்று. ஒருவர் தோலை இழுத்துப் பிடிக்க, மற்றவர் மழிப்போம். நுரை ஆறிப்போகுமுன் முடிக்கப் பழகுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஒருநாள் முடிந்ததும் புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தவர், “கால் சுத்து திருப்பினீங்களா?” என்றார். இல்லை, இதில் எண் இருக்கிறது என்று கருவியைக் கையில் கொடுத்தோம். எண்கள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டைவிரலால் வளையத்தை முன்னும் பின்னும் சற்று நேரம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“எதுவரைக்கும் இருக்கு?”

“ஒன்பது வரைக்கும்பா.”

“நாளைக்கு அஞ்சு வை” என்றார்.

மறுநாள் நான்கிலேயே வைத்தோம். அவர் கேட்கவில்லை.