நான்காம் கட்டளையும் அயர்லாந்தின் குழந்தைகளும்



மோசேயின் கதையை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். ஆனால் விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில் நாம் அவசரமாகக் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. பேழையில் விடப்பட்ட குழந்தைக்கு என்ன ஆகிறது என்று அவனுடைய அக்கா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பேசியதால்தான், பார்வோனின் மகளுக்காகக் குழந்தைக்குப் பாலூட்டி வளர்க்கப் பெற்ற தாயே வந்து சேர்ந்தாள். அரண்மனைப் பிள்ளையாக வளர்ந்தும் மோசேக்குத் தன் இனத்தார் யார் என்பது தெரிந்திருந்தது.

பிள்ளையைத் தத்தெடுத்து வளர்ப்பது புண்ணிய காரியம்தான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அக்காவைப் போல யாரும் நின்று பார்க்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் திரு அவையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நாமே சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

சென்ற நூற்றாண்டின் அயர்லாந்து மிகுந்த பக்தியுள்ள நாடு. அங்கே திருமணமாகாமல் கருவுற்ற பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலேயே இடம் கிடைப்பது அரிது. குழந்தையின் தகப்பனை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்டதில்லை. அருள்சகோதரிகள் நடத்திய தாய்-சேய் இல்லங்களுக்கு அந்தப் பெண்கள் அனுப்பப்பட்டார்கள். 1940களின் இறுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குத் தத்தாக அனுப்பப்பட்டார்கள்.

எந்த நிபந்தனையின் பேரில் அனுப்பினார்கள்? டப்ளின் பேராயர் ஜான் சார்ல்ஸ் மக்வெய்டு விதிகளை வகுத்தார். வளர்க்கப்போகிறவர்கள் கத்தோலிக்கர்களாக இருக்க வேண்டும், பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்க வைக்க உறுதி தர வேண்டும். தம்பதியர் வேண்டுமென்றே பிள்ளைப்பேற்றைத் தவிர்க்கவில்லை என்று மருத்துவச் சான்றுகூடக் கேட்டார்கள். விசுவாசத்தைப் பற்றி இத்தனை கேள்விகள் கேட்டவர்கள், பெற்றவள் மனமுவந்துதான் கையெழுத்திட்டாளா என்பதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை.

அரசாவது கேட்டதா என்றால், வெளியுறவுத் துறை பாஸ்போர்ட் கொடுத்தது, அவ்வளவுதான். 1951இல் ஹாலிவுட் நடிகை ஜேன் ரஸ்ஸல், லண்டனில் வாழ்ந்த அயர்லாந்துத் தம்பதியரின் ஆண் குழந்தையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றபோது பத்திரிகைகளில் பெரிய கூச்சல் எழுந்தது. மறு ஆண்டே தத்தெடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்திலும், திருமணத்திற்கு வெளியே பிறந்த பிள்ளை ஓராண்டு கடந்துவிட்டால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வழி இருந்தது. ஆயர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அரசு விட்டுவிட்டது. காகிதங்கள் முறையாக இருந்ததால் எல்லாம் முறையாக நடந்தது என்று ஆயர்களும் நினைத்திருக்கலாம்.

பிலோமினா லீ என்ற தாயின் கதையைத் திரைப்படமாகவே எடுத்தார்கள். ராஸ்க்ரே ஊரின் ஷான் ராஸ் இல்லத்தில் 1952இல் மகனைப் பெற்றார். அங்கேயே வேலை செய்துகொண்டு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளையைப் பார்த்து வந்தார். 1955 டிசம்பரில் மகன் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டான். பின்னாளில் பெரிய வழக்கறிஞராகிய அந்த மகன் தாயைத் தேடி அதே இல்லத்துக்கு வந்தும் தகவல் கிடைக்கவில்லை. தாயும் மகனைத் தேடி அங்கே வந்து வெறுங்கையோடு திரும்பினார். 1995இல் மகன் இறந்தார். அவர் விரும்பியபடியே ஷான் ராஸ் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். தாய்க்குக் கிடைத்தது அந்தக் கல்லறைதான்.

2021இல் அயர்லாந்தின் விசாரணை ஆணையம் அறிக்கை தந்தது. ஆராயப்பட்ட 18 நிறுவனங்களில் ஏறத்தாழ 56,000 தாய்மார்களும் 57,000 குழந்தைகளும் இருந்தார்கள். 9,000 குழந்தைகள் இறந்துபோனார்கள். பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன்பே, 2018இல் டப்ளின் திருப்பலியில் திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்பு வேண்டியிருந்தார். பிள்ளையைத் தேடுவது சாவான பாவம் என்று அந்தத் தாய்மார்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது பாவமல்ல, நான்காம் கட்டளை என்றார் திருத்தந்தை. தாய் தந்தையை மதித்து நட என்று சிறுவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தரும் அதே கட்டளைதான்.

நம் நாட்டிலும் குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் அமைப்புகளைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 1990இல் ‘காரா’ என்ற மத்திய அமைப்பு வந்தது. 1993இன் ஹேக் உடன்படிக்கையில் நம் நாடு 2003இல் இணைந்தது. முதலில் பெற்ற குடும்பம், அடுத்துச் சொந்த நாடு, அதன் பிறகே வெளிநாடு என்பது அந்த உடன்படிக்கையின் வரிசை.

“சாமி, சிஸ்டர்ங்ககிட்ட சொல்லி ஒரு குழந்தை வாங்கித் தாங்களேன், ‘காரா’வுல பதிஞ்சா வருஷக்கணக்கா ஆகுதாமே” என்று கேட்கும் தம்பதியர் நம்மிடையே உண்டு. அவர்களுடைய ஏக்கம் நமக்குப் புரிகிறது. காத்திருப்பு நீளமானதுதான். ஆனால் சாமியாரோ, சிஸ்டரோ, மருத்துவமனை ஆயாவோ கைமாற்றிக் கொடுக்கும் பிள்ளை சட்டப்படி தத்துப்பிள்ளை ஆகாது. பணம் கைமாறினால் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆட்சியர் அலுவலகத்தோடு இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்து முறைப்படி பதிவு செய்யுங்கள். நம் சட்டம், பிள்ளையை ஒப்படைத்த தாய் மனம் மாறினால் திரும்பி வருவதற்கு இரண்டு மாதம் தருகிறது. நாம் காத்திருக்கும் காலத்தில் அவளுக்கென ஒதுக்கிய அந்த இரண்டு மாதமும் இருக்கிறது.