பழைய கம்ப்யூட்டரும் புதிய கிராபிக்ஸ் கார்டும்: ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

1981-ஆம் ஆண்டைத் தஞ்சாவூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி நம் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆகஸ்ட் 12-ஆம் தேதி, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. இன்று நம் வீட்டு மேஜைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தான். ஆனால் அந்த முதல் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்த நிலையில் திரையில் ‘அ’ என்றுகூடக் காட்டாது. காரணம், அதற்குள் செருகியிருந்த ஒரு கார்டு.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது விவசாயம் பார்க்கிறார். அவர் வீட்டில் 2012-ல் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகன் அனிமேஷன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். விலை 15,000 ரூபாய்க்கு மேல். “கார்டு மட்டும் மாத்தினா போதுமா சார், இல்ல காசு தண்டமா போயிடுமா?” என்று கேட்டார். நெல் போட்டு வந்த காசு. நியாயமான கேள்வி. இதே குழப்பம் பல வீடுகளில் இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். பதிலுக்கு முன் கார்டின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பதில் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

எழுத்தைச் சுமந்த கார்டு

அந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் திரையில் எதைக் காட்டுவதற்கும் தனியாக ஒரு கார்டு வேண்டும். வாங்கும்போது இரண்டு வகை கிடைத்தன. ஒன்று எழுத்தை மட்டும் காட்டும், ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. இன்னொன்று வண்ணப்படமும் காட்டும், ஆனால் 320-க்கு 200 புள்ளிகளில் நான்கே நிறங்கள்தான்.

எழுத்து மட்டும் காட்டும் கார்டில் எழுத்தின் வடிவங்கள் ஒரு சில்லில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. மொத்தம் 256 இடங்கள். ஆங்கிலம், ஐரோப்பிய மொழிகளின் சில எழுத்துகள், கோடுகள், கட்டங்கள் என்று அவை நிரம்பிவிட்டன. தமிழுக்கு இடமில்லை. இருந்திருந்தாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டம்தான். அதில் ‘ட’வும் ‘ணௌ’வும் ஒன்றுபோல அடங்க முடியுமா?

1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது நினைவிருக்கும். யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய ‘லை’யை எழுதிப் பழகிய எங்கள் தலைமுறைதான், பிறகு புதிய ‘லை’யைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அச்சுக்கோப்பவர்களுக்கும் தட்டச்சு செய்பவர்களுக்கும் அந்த மாற்றம் பெரிய உதவி. ஆனால் இந்தக் கார்டிடம் அதுவும் பலிக்கவில்லை.

இதே சங்கடம் தாய்லாந்துக்காரர்களுக்கும் இருந்தது. வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்து மாணவர் அமெரிக்காவில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தார். தன் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் கம்ப்யூட்டரில் அடிக்க ஆசைப்பட்டார். இருக்கிற கார்டுகளால் முடியவில்லை. அவரே ஒரு கார்டை வடிவமைத்தார். 1982-ல் வந்த அந்த ‘ஹெர்குலிஸ்’ கார்டு 720-க்கு 348 புள்ளிகளைத் தெளிவாகக் காட்டியது. எழுத்தையும் புள்ளிகளால் வரையலாம் என்றானது. சில ஆண்டுகளில் உலகம் முழுக்க அது பரவியது. நாம் ‘கேம் கார்டு’ என்று அழைக்கும் பொருளின் மூதாதையரில் ஒருவர் தாய்மொழிக்காகப் பிறந்தவர்!

நம் நாட்டிலும் முயற்சி நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இந்திய எழுத்துகளுக்காக நடந்த ஆய்வு, பிறகு 1988-ல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்துக்குப் போனது. அங்கிருந்து ‘ஜிஸ்ட்’ கார்டு வெளிவந்தது. கையில் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு காலி இடத்தில் அதைச் செருகினால் போதும். ஆங்கிலத்துக்கென்றே எழுதப்பட்ட வேர்டுஸ்டார், டிபேஸ் போன்ற மென்பொருள்களிலேயே தமிழ், இந்தி, தெலுங்கு எல்லாம் வரும். கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அது கார்டுக்குக் கொடுத்த காசுக்கு முழுப் பலன். ஏனென்றால் அந்தக் கார்டு இல்லாமல் அந்த வேலையே நடக்காது.

கார்டு போனது, வேலை நின்றது

அதே காலத்தில் வேறொரு பாதையும் போடப்பட்டுக்கொண்டிருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 1992-ல் விண்டோஸ் 3.1 வந்தபோது எழுத்துரு என்பது ஒரு சாதாரணக் கோப்பாகிவிட்டது. எழுத்தைக் காட்டத் தனிக் கார்டு தேவைப்படவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை உருவானது. அடுத்து வந்த விண்டோஸ் 2000, யூனிகோடு தமிழை ‘லதா’ எழுத்துருவோடு தன்னுள்ளேயே கொண்டு வந்தது.

சுமார் 10 ஆண்டுகளில் ஜிஸ்ட் கார்டு செய்த வேலையைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொண்டது. கார்டு வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்லர். அவர்களுக்கு அன்றைக்கே வேலை நடக்க வேண்டியிருந்தது, நடந்தது. அவசரமில்லாதவர்கள் காத்திருந்தார்கள். காசு செலவில்லாமலே அவர்களுக்கும் வந்து சேர்ந்தது.

கேம் கார்டுகளின் கதையும் இப்படித்தான். 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ கார்டு வந்தது. ஏற்கெனவே இருக்கும் கார்டுக்குத் துணையாக அதைப் போட வேண்டும். 1999-ல் என்விடியா தன் ‘ஜீஃபோர்ஸ் 256’ கார்டை ‘ஜி.பி.யு.’ என்ற பெயரோடு விற்றது. அதே 1999-ல் இன்டெல், படம் காட்டும் வேலையைத் தன் 810 சிப்செட்டுக்குள்ளேயே சேர்த்தது. 2011 வாக்கில் அது பிராசசருக்குள்ளேயே போய்விட்டது. அதே 2011-ல்தான் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றை வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் தனிக் கிராபிக்ஸ் கார்டு என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள். பாடம் படிக்க, படம் பார்க்க, கடிதம் அடிக்க அது தேவைப்படவில்லை.

அதற்காகக் கார்டு என்றாலே விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கவும் முடியாது. 2012-ல் டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கியும் அவரது குழுவினரும், படங்களைப் பார்த்து அடையாளம் சொல்லும் போட்டியில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அதற்குப் பயன்பட்டவை இரண்டு ஜீஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகள். கேம் ஆடுகிறவர்கள் கடையில் வாங்குகிற அதே கார்டுகள், ஒவ்வொன்றிலும் 3 ஜி.பி. நினைவகம். இன்று எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சியில் அது ஒரு பெரிய திருப்பம்.

கல்லணை சொல்லும் கணக்கு

ஒரு பழைய அமைப்பில் ஒரே ஒரு பாகத்தை மாற்றினால் என்ன ஆகும்? இதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரித் தலைப்பு மணல் மூடிக்கொண்டே வந்தது. தாழ்வாக ஓடும் கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. 1830 வாக்கில் அதில் மணல் போக்கி மதகுகளைச் சேர்த்தார். பிறகு 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கினார். பழையதை வைத்துக்கொண்டு ஒரு பாகத்தைச் சேர்த்ததில் டெல்டா பிழைத்தது.

கதை அதோடு முடியவில்லை. இப்போது காவிரிக்குள் தண்ணீர் அதிகமாக வந்து ஆற்றுப் படுகையை அரிக்கத் தொடங்கியது. அதைக் கட்டுப்படுத்த மேலும் கட்டுமானங்கள் வேண்டியிருந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் காவிரி, வெண்ணாற்றுத் தலைப்புகளில் ரெகுலேட்டர்களும் வந்தன. ஒரு இடத்தில் அடைப்பை எடுத்தால் சிக்கல் அடுத்த இடத்துக்குப் போகும். கம்ப்யூட்டரிலும் இதேதான் நடக்கும்.

2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் மதகுகள் உடைந்து போனதைப் பார்த்தோம். அதன் பிறகு பழையதற்கு ஒட்டுப்போடுவதோடு நிற்காமல், புதிதாகவே ஒரு கதவணை கட்டினார்கள். சேர்த்துக்கொண்டே போவதற்கும் ஒரு எல்லை உண்டு.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. கார்டு என்பது மேட்டூர் மதகு மாதிரி. பிராசசர், ரேம், ஹார்டு டிஸ்க், மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை வாய்க்கால்கள்.

முதலில், அடைப்பு எங்கே என்று பாருங்கள். வேலை மெதுவாக நடக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எது 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தெரியும். 2012 கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது ஹார்டு டிஸ்க்காகவோ 4 ஜி.பி. ரேமாகவோ இருக்கும். அப்படியானால் ஒரு எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு ரேமும் போட்டாலே பாதி நோய் தீரும். கார்டு விலையில் சிறு பங்குதான் ஆகும்.

இரண்டாவது, கார்டு இல்லாமல் நடக்கவே நடக்காத வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பையன் விஷயத்தில் இருக்கிறது. அனிமேஷனுக்கு அவன் கற்க விரும்புவது பிளெண்டர் என்ற இலவச மென்பொருள். அதன் 4.0 பதிப்பிலிருந்து ஓப்பன்ஜிஎல் 4.3 என்ற தகுதி கிராபிக்ஸுக்கு இருந்தாக வேண்டும். 2012 காலத்து இன்டெல் பிராசசர்களின் உள் கிராபிக்ஸுக்கு அந்தத் தகுதி கிடையாது. ஜிஸ்ட் கார்டு காலத்து நிலைமைதான் இது. ஆகவே பையன் கேட்பதில் நியாயம் உண்டு. வெறும் ஆசை என்று தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாவது, மின்சாரக் கணக்கு. கார்டு செருகும் இடம் 75 வாட் வரைதான் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டும் என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். மலிவு விலை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட் என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அப்படியே நம்ப வேண்டாம். பல வருஷம் ஓடிய சாதனம், நம் ஊர் மின்சாரம் வேறு. எனவே தனி ஒயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகளோடு நின்றுகொள்வது நல்லது. ஜி.டி.எக்ஸ். 1650-இல் அப்படிப்பட்ட மாடல்கள் உண்டு. ஆர்.எக்ஸ். 6400 போன்ற சில கார்டுகள் நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துபவை. பழைய போர்டில் அவற்றின் வேகம் குறையும். போர்டு பழையதாக இருந்தால் புதுக் கார்டைச் சில சமயம் ஏற்றுக்கொள்ளவும் செய்யாது. கடையிலேயே நம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நான்காவது, செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால் கவனம். 2020, 2021-ல் கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காகக் கார்டுகளை மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள். விலை தாறுமாறாக ஏறியது. 2022 செப்டம்பர் 15-ல் எதிரியம் நாணயம் அந்த முறையைக் கைவிட்டதும், அந்தக் கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. வருஷக்கணக்கில் இராப்பகலாக ஓடிய போர்வெல் மோட்டாரைப் பெயிண்ட் அடித்து விற்றால் வாங்குவோமா? அதே யோசனைதான்.

ஐந்தாவது, எல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. 2012 பிராசசர்கள் விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. லினக்ஸ் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். ஆனால் 15,000 ரூபாய்க் கார்டை இந்தப் பழைய உடம்பில் ஏற்றுவது, உடையப்போகும் மதகுக்கு வெள்ளிப் பூண் போடுவதுதான்.

ஆக, அந்த மாணவருக்கு என் யோசனை இது. இப்போது எஸ்.எஸ்.டி., ரேம் மட்டும் போடுங்கள். பையன் பிளெண்டரின் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டுக் கற்கத் தொடங்கட்டும், அவை பழைய கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். அரையாண்டு விடுமுறைக்குள் கல்லணை மதகிலிருந்து தண்ணீர் விழுவதுபோல அரை நிமிடப் படம் ஒன்று செய்து காட்டட்டும். செய்துவிட்டால், 75 வாட்டுக்குள் ஒரு சின்னக் கார்டைத் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். நாளைக்குக் கல்லூரிக்குப் போகும்போது வேறு கம்ப்யூட்டர் வாங்கினால், அதே கார்டைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம். காசு தண்டமாகாது.

படம் தயாரானதும் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்தால் இங்கேயே போடுகிறேன்.

அலுவலகங்களில் ஜிஸ்ட் கார்டு போட்ட கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர்கள் யாராவது நம் நட்பு வட்டத்தில் இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அந்தக் கதைகளும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியவை.