நரிக்கொம்பு (இயற்கை வரலாற்று ஓவியத்தில்)

நரியின் பிடரியெலும்பில் அரிதாக வளர்வதாகச் சொல்லப்படும் சிறு எலும்புப் புடைப்பு. நாய்க் குடும்ப விலங்குகளைப் பற்றிய இலங்கைப் படங்களில் விசித்திரமான ஒன்று இதைக் காட்டுகிறது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1861இல் லண்டனில் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் அது இடம்பெற்றது.

கூட்டத் தலைவனான நரிக்கே கொம்பு முளைக்கும். ஏறத்தாழ அரை அங்குல நீளமுள்ள அதை ஒரு மயிர்க்குஞ்சம் மறைத்திருக்கும் என்பது அவர் பதிவுசெய்த நம்பிக்கை. அதை வைத்திருப்பவர் நினைத்தது கைகூடும். தொலைந்தாலும் தானாகத் திரும்பி வரும். நகையோடு வைத்தால் கள்வர் அண்டார்.

பிரெஞ்சு அறிஞர் பூஃபோனின் நூலுக்கு ஜாக் தெ செவ் வரைந்த நாய்கள் முழு உருவம் காட்டுபவை. டெனன்டின் படத்தில் இருப்பதோ மண்டையோடும் கொம்பும் மட்டுமே. லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரி அருங்காட்சியகத்தில் இத்தகைய புடைப்புள்ள நரி மண்டையோடு இருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார்.

இ. எஃப். கெலார்ட் 1852இல் வெளியிட்ட இலங்கை விலங்குத் தொகுப்பும் டெனன்டுக்கு ஆதாரமாக இருந்தது.