காற்றை நாடி எழுந்த ஊர்

1896ஆம் ஆண்டில் பம்பாய் நகரைப் பிளேக் நோய் வாட்டியது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளே நோயின் பிறப்பிடம் என்று அக்காலத்தார் பலர் கருதினர். எலியும் தெள்ளுப்பூச்சியும் நோயைப் பரப்பும் உண்மை பின்னரே தெளிவாயிற்று. ஆயினும் அக்கருத்தால் ஒரு நன்மை விளைந்தது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. அகன்ற வீதிகளும் மரநிழலும் தோட்டங்களும் கொண்ட குடியிருப்புகளை நகரின் வடபால் அது வகுத்தது. நம்மவர் நன்கறிந்த மாட்டுங்கா அவ்வாறு உருப்பெற்றதே.

அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் பணியாற்ற வந்த தென்னாட்டார் பலர் அங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றி, அங்கே பள்ளி நடத்தலாயிற்று. கோயில், கடைத்தெரு, பள்ளி, ரயில் நிலையம் யாவும் நடைதூரத்தில் அமைந்தன. தொலைவு செல்வோருக்கு 1964வரை டிராமும் இருந்தது. சிறுவர்களுக்கோ காலே வாகனம்.

தாராவியின் கதை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்த நம்மவருக்கு எவரும் அகன்ற வீதி வகுத்துத் தரவில்லை. எனினும் வீடும் தொழிலும் பள்ளியும் அங்கே அருகருகே அமைந்தன. பிள்ளைகள் நடந்தே கல்வி கற்றனர். செம்பூரிலோ, 1954, 1955 ஆண்டுகளில் டிராம்பே பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. தூய காற்றின் அருமையைச் செம்பூர்வாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இன்று பள்ளி மணி அடிக்கும் வேளையில் வாசல்தோறும் கார்களும் ஸ்கூட்டர்களும் நெருங்கி நிற்கின்றன. ஒரு கணக்குப் பார்ப்போம். பள்ளி 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கார் காலையும் மாலையும் போய்த் திரும்பினால் நாளைக்கு 8 கிலோமீட்டர். 200 பள்ளி நாட்களில் 1,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறத்தாழ 133 லிட்டர் பெட்ரோல் செலவாகும். லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ வீதம், 300 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயு வெளிப்படும். இது ஒரு பிள்ளைக்கு, ஓர் ஆண்டுக்கு! அவ்வாகனப் புகை காரில் வந்த பிள்ளையின் நுரையீரலில் மட்டுமன்றி, நடந்து வரும் ஏழைப் பிள்ளையின் நுரையீரலிலும் புகுகிறது. காற்றை நாடி எழுந்த ஊருக்கு இது பொருந்துமா?

பெற்றோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நடைபாதை இல்லாத சாலையில் குழந்தையைத் தனியே அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? தாராவிக்கு அப்பால், மிட்டி ஆற்றின் மறுகரையில் உள்ள பாந்திரா-குர்லா வளாகத்தில் 2011ஆம் ஆண்டையொட்டி மிதிவண்டித் தடம் அமைத்தனர். அது வண்டிகள் நிறுத்தும் இடமாக மாறிப் பயனற்றுப்போயிற்று. தடம் அமைத்தல் மட்டும் போதாது, அதைக் காத்தலும் வேண்டும் என்பதே அது தரும் பாடம்.

மக்கள் மனம் வைத்தால் நிகழ்வதை நம் தாயகம் காட்டியுள்ளது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. கேலிப் பேச்சைப் பொருட்படுத்தாமல் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஏறினர். பின்னாளில் தமிழக அரசு பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கியது.

மும்பைவாழ் தமிழரும் தொடங்கலாம். ஒரே கட்டடத்துப் பெற்றோர் முறை வைத்து, பிள்ளைகளைக் கூட்டமாக நடத்தி அழைத்துச் செல்லலாம். நடைபாதையைப் பள்ளி வேளையிலேனும் தடையின்றி வைக்குமாறு மாநகராட்சியைக் கேட்கலாம். தாராவியை மறுசீரமைக்கும் இந்நாளில், பள்ளி நடைதூரத்திலேயே இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவதும் நம் கடமை. நம் முன்னோர் பிள்ளைகள் நடந்த வீதிகளில் நம் பிள்ளைகளும் அச்சமின்றி நடக்கட்டும்.