வெள்ளைக் கண்ணாடி, மஞ்சள் பல்பு

எங்கள் வீட்டுக் காருக்கு வயசு பதினாறு. போன தீபாவளிக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசில், முன்னாடி இருந்த ஆரஞ்சு இண்டிகேட்டர் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு பளிச்சென்று 'க்ளியர்' கண்ணாடி மாட்டினேன். வண்டி புதுசு மாதிரி ஆகிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவர் பாராட்டும் முறை :)

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம். அப்பா சிக்னல் போட்டு வலது பக்கம் திருப்பினார். எதிரே வந்த பைக்காரர் நேராக வந்து, பம்பருக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் அடித்து நின்றார். "சிக்னல் போட மாட்டீங்களா சார்?" என்றார். போட்டுத்தான் இருந்தது. பல்பின் மேலிருந்த மஞ்சள் பூச்சு உரிந்துபோய், இண்டிகேட்டர் வெள்ளையாக மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் யாருக்குத் தெரியும்?

அதற்கப்புறம்தான் இந்த விளக்கின் கதையைத் தேடிப் படித்தேன்.

ஆரம்பத்தில் விளக்கே கிடையாது, கையை வெளியே நீட்டுவதோடு சரி. 1914 வாக்கில் ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ் என்ற அமெரிக்க ஊமைப்பட நடிகை, பொத்தானை அழுத்தினால் வண்டியின் பின்னால் கொடி எழும்பும்படி ஒரு ஏற்பாடு செய்தார். காப்புரிமை வாங்கவில்லை, காசும் வரவில்லை. (காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதைப் படித்தால் வயிறு எரியும்.) ஐரோப்பாவில் வேறு வழி. மோரிஸ் மைனர், பீட்டில் போன்ற கார்களில் பக்கவாட்டிலிருந்து ஒளிரும் சின்னக் கை ஒன்று நீளும். பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். மினுக்கும் விளக்கைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றது ப்யூக், 1939 மாடலில்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 1963. அதுவரை அமெரிக்கக் கார்களின் முன் இண்டிகேட்டர்கள் வெள்ளைதான். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சத்திலும், பகலில் குரோம் பம்பரில் அடிக்கும் வெயிலிலும் அது கரைந்துபோகும். அதனால்தான் அந்த மாடல் ஆண்டிலிருந்து ஆரஞ்சு மஞ்சளுக்கு மாறினார்கள். அவர்கள் கைவிட்ட வெள்ளையை நான் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி மாட்டியிருக்கிறேன்!

1990களில் க்ளியர் கண்ணாடி ஃபேஷனானபோது நிறம் காணாமல் போகவில்லை, கண்ணாடியிலிருந்து பல்புக்கு இடம் மாறியது. அதற்கென்றே பிஒய்21டபிள்யூ என்று ஒரு மஞ்சள் பல்பு. சாதா வெள்ளை பல்பின் அடியில் இரண்டு பின்களும் நேரெதிராக, 180 டிகிரியில் இருக்கும். மஞ்சள் பல்பில் 150 டிகிரி. யாராவது தெரியாமல் வெள்ளை பல்பைப் போட்டுவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இந்தக் கோணல். க்ளியர் கண்ணாடியோடு வரும் ஹோல்டரும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

நான் கண்ணாடியை மட்டும் வாங்கினேன், ஹோல்டர் பழசு. சரியான பல்பு அதில் உட்காரவில்லை. கடைக்காரர் நேர் பின் உள்ள, மேலே வெறும் சாயம் பூசிய பல்பு ஒன்றைக் கொடுத்தார். விலையும் கம்மி. 21 வாட் பல்பு என்ன சூடு சூடாகும்? அந்தச் சூட்டில் சாயம் மூன்று மாதம் தாங்கியதே பெரிசு. எல்இடி போடலாம் என்றால், அது இழுக்கும் கரண்ட் குறைவு. பழைய ஃபிளாஷர் பல்பு போய்விட்டதாக நினைத்துப் படபடவென்று அடிக்கும். அதற்கு ரெசிஸ்டர் மாட்டணும், அது தனிச் செலவு.

ஆரஞ்சுக் கண்ணாடிகள் பரண் மேல் பத்திரமாக இருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை அவற்றையே திரும்ப மாட்டி, உள்ளே சாதா வெள்ளை பல்பு போட்டேன். அப்பா சிக்னல் போட்டுப் பார்த்தார். இந்த முறையும் ஒன்றும் சொல்லவில்லை.