நிலுவைக் கணக்கில் வராத பணம்

வரி வாங்கும் எந்த அலுவலகத்திலும் மூன்று சொற்கள் நாள்தோறும் புழங்கும்: கேட்பு, வசூல், நிலுவை. இவ்வளவு வர வேண்டும், இவ்வளவு வந்தது, இவ்வளவு பாக்கி. ஆய்வுக்கு வரும் மேலதிகாரி முதலில் கேட்பதும் இந்த மூன்றைத்தான். நிலுவை குறைந்தால் நல்ல பெயர். கூடினால் விளக்கம் எழுத வேண்டும். ஆனால் கேட்புத் தொகையே பல ஆண்டுகள் திருத்தப்படாமல் கிடந்தால்? அந்த நஷ்டம் மூன்றில் எதிலும் தெரியாது. நூற்றுக்கு நூறு வசூல் என்று பெருமைப்பட்டுக்கொண்டே கஜானா இளைத்துக்கொண்டிருக்கும். இதற்கு நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பழைய உதாரணம் ஒன்றும் புதிய உதாரணம் ஒன்றும் இருக்கின்றன.

பழையது முல்லைப் பெரியாறு. மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை நெடுநாளாகவே இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. நிவாரணச் செலவில் அரசின் கை வறண்டதால் திட்டம் ஓரங்கட்டப்பட்டது. அதே பஞ்சம்தான் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் காட்டியது. 1882-இல் திட்டத்தைப் புதுப்பித்துத் தரும் பொறுப்பு பென்னிகுக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. அணை 1895-இல் திறக்கப்பட்டது. செலவு 80 லட்சம் ரூபாயைத் தாண்டியது. கஷ்ட காலம் முடிந்த கையோடு இவ்வளவு பெரிய செலவில் இறங்கியவர்களின் துணிச்சலால்தான் இன்றும் நம் வயல்களில் இருபோகம் விளைகிறது.

நான் சொல்ல வந்தது அந்தக் குத்தகைத் தொகையைப் பற்றி. 8,000 ஏக்கர்; ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய்; ஆக 40,000 ரூபாய். காலம் 999 ஆண்டுகள். அன்றைக்கு 40,000 சின்னத் தொகை இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தொகையைத் திருத்தலாம் என்று ஒரு வரி அதில் எழுதப்படவில்லை. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. சமஸ்தானம் போய் மாநிலம் வந்தது. 1966-இல் ரூபாயின் மதிப்பையே குறைத்தார்கள். அந்த 5 ரூபாய் மட்டும் அசையவில்லை. 1970 மே மாதம் போட்ட துணை ஒப்பந்தத்தில்தான் ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. 30 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தலாம் என்ற ஷரத்தும் அப்போதுதான் சேர்ந்தது. இடையில் கழிந்தவை 84 ஆண்டுகள்.

வாடகை கொடுப்பவர்கள் நாம் என்பதால் இது நமக்கு லாபம்தானே என்று கேட்கலாம். லாபம்தான். ஆனால் நம் ஊர் நகராட்சிகள் வாங்கும் இடத்தில் நிற்கின்றன. அங்கிருந்து பார்த்தால் கதை வேறு.

தேனி மாவட்டத்தில் தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று ஆறு நகராட்சிகள். ஒரு நகராட்சிக்குச் சொந்த வருமானம் என்றால் முதலில் சொத்து வரி. அதன் பிறகு தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, பேருந்து நிலையம், சந்தை போன்ற குத்தகைகள். மீதிக்கு மாநில நிதிக்குழு, மத்திய நிதிக்குழு மானியங்களை எதிர்பார்க்க வேண்டும். சொத்து வரியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சீராய்வு செய்வது முறை. சென்னைக்கு வெளியே 2008-இல் சீராய்வு நடந்தது. 2013-இல் நடக்கவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்தது, 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த நேரத்தில், அந்த உயர்வை நிறுத்திவைத்தார்கள்.

நான்கே மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. பேருந்து ஓடவில்லை, சந்தை கூடவில்லை, கடைகள் திறக்கவில்லை. குத்தகை எடுத்தவர்கள் தள்ளுபடி கேட்டார்கள், கேட்டது நியாயமும்கூட. அதே நேரத்தில் பிளீச்சிங் பவுடர், கிருமிநாசினி, தூய்மைப் பணியாளர்களின் கூடுதல் வேலை என்று செலவு ஏறியது. 2016 அக்டோபருக்குப் பிறகு 2022 வரை நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் இல்லை. தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். தேர்தல் நடக்காத காரணத்தால் மத்திய மானியத்தில் ஒரு பகுதியும் நின்றுபோனது. 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், உள்ளாட்சிகள் மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் வைத்திருந்த பாக்கியும் இடம்பெற்றது. வருமானம் தேங்கினால் பாக்கி வேறு வாசல் வழியாக வெளியே வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கடைசியில் 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தது. நம் ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சிறிய வீட்டுக்குக் குறைவாக வைத்தது சரியான முறை. ஆனாலும் ஊரடங்கில் வியாபாரம் போய், அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தவர்கள் மீது மொத்தமாக இறங்கியது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 2008-இல் ஒரு வீட்டுக்கு அரையாண்டு வரி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டியிருந்தால் முதல் ஆண்டு உயர்வு 25 ரூபாய். பதினாலு ஆண்டில், 2022-இல், வரி சுமார் 990 ரூபாய் ஆகியிருக்கும். அதாவது ஒரே நாளில் நூறு சதவீதம் என்று நம்மைத் திடுக்கிட வைத்த தொகை, படிப்படியாக வந்திருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. நகராட்சிக்கும் அந்தப் பதினாலு ஆண்டுப் பணம் கையில் இருந்திருக்கும். கொரோனா நேரத்தில் வரியைத் தள்ளிவைக்கக்கூட அதற்குத் தெம்பு இருந்திருக்கும்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளைப் படிப்பது எனக்குப் பழக்கம். அங்கே வீட்டு வரிக்கு அடிப்படையான வாடகை மதிப்பு 1970-இல் கணக்கிட்டது. வீடுகளுக்கு முழுச் சீராய்வு செய்ய அங்கேயும் அரசியல்வாதிகளுக்குப் பயம், தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்கள். ஆனால் 1980-களிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பெருக்கு எண்ணால் அந்த மதிப்பைக் கூட்டிவிடுகிறார்கள். புது வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் இடையே அநியாயம் இருக்கிறது. ஆனால் நகராட்சியின் வருமானம் உறையவில்லை. நம் ஊரிலும் இப்போது ஆண்டுதோறும் சிறிதளவு உயர்த்தும் ஏற்பாடு வந்திருக்கிறது. முணுமுணுப்பு இருக்கும். அந்தப் பணத்தில் சாக்கடை தூர்வாரியதும் தெருவிளக்கு எரிவதும் கண்ணில் பட்டால் முணுமுணுப்பு அடங்கும். படாவிட்டால் அடங்காது, அடங்கவும் கூடாது.

கஷ்ட காலத்தில் செலவைக் குறை என்று எல்லோரும் சொல்வார்கள். குறைப்பதற்கு அப்போது பெரும்பாலும் குப்பை வண்டியும் தூய்மைப் பணியாளரின் கூலியும்தான் மிஞ்சியிருக்கும். ஊரின் வரவு செலவைக் காப்பாற்றும் வேலை நல்ல காலத்தில் செய்ய வேண்டியது. என்னிடம் கேட்டால், ஒவ்வொரு வரிப் பதிவேட்டிலும் கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: தொகையைக் கடைசியாகத் திருத்திய ஆண்டு.