ஆட்டத்திடை நாயக மேம்பாடு
குழுச் சுடுவிளையாட்டில் ஆட்டம் நடக்கும்போதே நாயகனின் திறனைக் கூட்டும் முறை. ‘ஓவர்வாட்ச் 2’ இதனை 2025 பிப்ரவரியில் ‘பெர்க்’ என்ற பெயரில் சேர்த்தது. சிறியது, பெரியது என இரு படிகள். ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றே கிடைக்கும். எடுத்ததைத் திருப்ப முடியாது என்பதால், சொந்த விருப்பத்தைவிட எதிரணியின் அமைப்பையும் தோழர்களின் தேவையையும் கணித்துத் தேர்வதே உத்தி. முந்தும் அணியையே இது வலுப்படுத்தும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் எதிரியின் தேர்வு களத்தில் வெளிப்பட்டபின் தேர்பவருக்குப் பதிலடி வாய்ப்பு எஞ்சுகிறது, அதுவே இம்முறையின் சிறப்பு. சுடுவிளையாட்டு அல்லாத ‘டோட்டா 2’ 2016 டிசம்பரிலேயே இத்தகைய திறன்மரத்தைப் பெற்றது: 10, 15, 20, 25ஆம் நிலைகளில் இருவழித் தேர்வு.